எழுபத்திரண்டாவது இடம்

நம் வட்டத்தில் படிமம் என்ற சொல் கொஞ்சம் அதிகமாகவே புழங்கிவிட்டது. ஒரு கவிதையைப் பாராட்ட வேண்டுமானால் அதில் படிமம் இருக்கிறது என்கிறோம். நிராகரிக்க வேண்டுமானால் இல்லை என்கிறோம். நானும் இதற்கு விலக்கல்ல. பத்து வருஷங்களுக்கு முன் ஒரு மூத்த கவிஞரின் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில், மூன்றாவது பத்தியில், எண்ணுவதும் அடுக்குவதும் கவிதையின் வேலை ஆகாது, காண்பிப்பதே அதன் வேலை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தேன். உதாரணமாக நான் பிடித்துக்கொண்டது, இறந்துபோன ஒருவருடைய வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகும் ஒரு கவிதை. பட்டியல் கவிதையாகிவிடாது என்று எழுதினேன். அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. காண்பிக்க முடியாத ஒன்று இருந்தால் அதை என்ன செய்வது என்று ஒரே கேள்வி, கீழே கையெழுத்து. நான் பதில் போடவில்லை. கேள்வியில் ஏதோ ஆன்மிக வாசனை அடிப்பதாகப் பட்டது. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவருடைய தொகுப்பு எதுவும் வரவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குக் கர்வம் இல்லை. நம் பத்திரிகைகளின் விற்பனை எனக்குத் தெரியும்.

அந்தக் கார்டு மறுபடி நினைவுக்கு வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ரசாயனத்தில் சந்தேகம் என்று புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "மாமா, முதல் கூட்டுல ரெண்டு எலக்ட்ரான், அடுத்ததுல எட்டு, அப்புறம் பதினெட்டுன்னு போட்டிருக்கு. ஏன் எட்டு? ஏழா இருந்தா என்ன?" நான் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., பாங்க் குமாஸ்தா. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் அணுவின் படம்: நடுவில் உருண்டை, சுற்றிலும் வட்டங்கள், வட்டங்களின் மேல் மணி கோத்தது போல எலக்ட்ரான்கள். மறு பக்கத்திலேயே இந்தப் படம் சரியல்ல என்றும் எழுதியிருந்தது. சரியில்லாத படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு மறு பக்கத்தில் மன்னிப்புக் கேட்கும் புத்தகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடிப் போனதன் விளைவு இந்தக் கட்டுரை. விஞ்ஞானம் எனக்குப் பத்தாவதோடு சரி. ஆகவே இதில் சரித்திரம்தான் உண்டு. கணக்கு என்றால் ஓர் இடத்தில் சின்னக் கூட்டல், அவ்வளவே.

1897-ல் எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்ஸனுக்கு ஒரு சோதனையின்மேல் தனிப் பிரியம் இருந்தது. ஆல்ஃப்ரட் மேயர் என்ற அமெரிக்கர் 1878-ல் செய்தது அது. காந்தமேற்றிய ஊசிகளைத் தக்கையில் குத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே ஒரு பெரிய காந்தத்தைப் பிடித்தால் ஊசிகள் தாமாகவே ஓர் ஒழுங்கில் வந்து நிற்கும். மூன்று ஊசிகள் என்றால் முக்கோணம், நான்கு என்றால் சதுரம். ஆறு என்றால் ஐந்து சுற்றி நிற்க ஒன்று நடுவுக்குப் போய்விடும். இன்னும் சேர்த்துக்கொண்டே போனால் வளையத்துக்குள் வளையமாக அமைந்து, உள்ளே பழைய உருவங்களே திரும்பவும் தோன்றும். தனிமங்களின் குணங்கள் ஏன் ஒரு சுற்றுப் போய்த் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கலாம் என்று தாம்ஸன் நினைத்தார். 1904-ல் அவர் வரைந்துகாட்டிய அணு, நேர் மின்னூட்டம் நிறைந்த ஒரு கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் வளையங்களாகப் பதிந்து சுற்றும் அணு. பள்ளிக்கூடத்தில் தர்பூசணி என்று நமக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். அந்தத் தர்பூசணி பொய். ஆனால் ஒரு தனிமத்தின் குணம் அதற்குள் எலக்ட்ரான்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பொறுத்தது என்ற எண்ணம் மெய். அந்த மெய் இந்தப் பொய்யின் முதுகில் ஏறித்தான் வந்தது.

அதே 1904-ல் டோக்கியோவில் நாகவோகா, சனிக்கிரகத்தையும் அதன் வளையத்தையும் அணுவுக்குப் படமாக்கினார். 1909-ல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின்மேல் ஆல்ஃபா துகள்களை எறிந்தபோது சில துகள்கள் வந்த வழியே திரும்பின. 1911-ல் அவர்களுடைய ஆசான் ரூதர்ஃபோர்ட் அணுவின் நடுவில் மிகச் சிறிய, கனத்த ஒரு கருவை வைத்தார். அதன்பிறகு சூரியனையும் கிரகங்களையும் யாரும் அழைக்க வேண்டியிருக்கவில்லை, அவை தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. மேலே உள்ளதே கீழேயும் இருக்க வேண்டும் என்பது மனிதனின் மிகப் பழைய ஆசை. அண்டம், பிண்டம் என்று நாமும் சொல்லிவந்திருக்கிறோம். இந்தப் படத்தின் வசீகரம் அறிவிலிருந்து வந்ததல்ல, அந்த ஆசையிலிருந்து வந்தது என்பது என் அபிப்ராயம்.

படத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அன்றைய மின்னியல் விதிகளின்படி சுற்றிவரும் எலக்ட்ரான் ஒளியாகத் தன் சக்தியை இழந்து, கண் இமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவான நேரத்தில் கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். 1913-ல் நீல்ஸ் போஹர் என்ற டேனிஷ்காரர், அப்போது அவருக்கு வயது இருபத்தேழு, மூன்று பகுதிகளாக வெளியிட்ட கட்டுரையில் ஓட்டையை அடைக்காமல், அது இல்லை என்று ஆணையிட்டார். சில குறிப்பிட்ட பாதைகளில் எலக்ட்ரான் விழாது; ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் ஒளி விடும். ஏன் என்று கேட்கக்கூடாது. ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் இந்த ஆணைக்கு அப்படியே கீழ்ப்படிந்ததுதான் ஆச்சரியம்.

எல்லோரும் பேசுவது முதல் பகுதியைப் பற்றி. என் கவனத்தைப் பிடித்தது இரண்டாவது பகுதி. அதில் போஹர் முதல் இருபத்து நான்கு தனிமங்களுக்கு எலக்ட்ரான் வளையங்களைப் பட்டியல் போட்டிருந்தார். லிதியத்துக்கு உள்ளே 2, வெளியே 1. கார்பனுக்கு 2, 4. சரி. அடுத்தது நைட்ரஜன்: இங்கே 2, 5 என்று எதிர்பார்த்தால் 4, 3 என்று இருக்கிறது. நைட்ரஜன் மூன்று ஹைட்ரஜனோடு கைகோக்கும் என்று ரசாயனக்காரர்களுக்குத் தெரியும். ஆகவே வெளியே மூன்று வேண்டும், உள்ளே இருந்த இரண்டு நான்காகிவிட்டது. நியானுக்கு உள்ளே 8, வெளியே 2. கணக்குப் போடும் இடத்தில் விடையைப் பார்த்து வழியைத் திருத்திய மாணவனின் நோட்டுப் போல இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்குப் பாதைகளைவிடப் பொருள்களின் நடத்தைதான் முக்கியமாகப் பட்டது என்பதற்கு இது அத்தாட்சி. பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

இங்கே மோஸ்லியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஹென்றி மோஸ்லி 1913-லும் 1914-லும், முதலில் மான்செஸ்டரிலும் பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும், ஒவ்வொரு தனிமமும் வெளிவிடும் எக்ஸ் கதிரைப் புகைப்படத் தகட்டில் பிடித்து அளந்தார். அதுவரை தனிமங்களை எடையின்படி வரிசை வைத்திருந்தார்கள். சில இடங்களில் வரிசை உதைத்தது: ஆர்கான் பொட்டாசியத்தைவிடக் கனம், ஆனால் அதற்கு முன்னால் வந்தால்தான் குணங்கள் பொருந்துகின்றன. மோஸ்லியின் தகடுகளில், அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சம அளவில் ஏறியது, மாடிப்படி மாதிரி. வரிசை எண் என்பது வெறும் பக்க எண்ணாக இருந்தது போய், கருவின் மின்னூட்டமாக, அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையாக ஆனது. இனி தனிமங்களை எண்ணலாம். எந்தப் படியில் ஆள் இல்லை என்றும் சொல்லலாம்.

அப்படி ஒரு படி, 72. பாரிஸில் ஜார்ஜ் உர்பேன் என்ற ரசாயன மேதை அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பதில் பல வருஷங்களைச் செலவிட்டவர். ஒன்றோடொன்று பிரிக்கவே முடியாத அளவுக்கு ஒத்த குணமுள்ள தனிமங்கள் அவை. 1911-ல் அவற்றில் புதிதாக ஒன்று கிடைத்ததென்று சொல்லி செல்டியம் என்று பெயரிட்டிருந்தார். 1914-ல் தன் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். சில நாட்களில் மோஸ்லி பார்த்துச் சொல்லிவிட்டார்: எழுபத்திரண்டு இதில் இல்லை. ஓர் ஆயுளின் உழைப்புக்கு ஒரு புகைப்படத் தகடு கொடுத்த தீர்ப்பு. உர்பேன் மனத்தாங்கல் கொள்ளவில்லை. பின்னால் மோஸ்லியைப் பற்றிப் பெருமதிப்போடு எழுதினார். பின்னால் என்றால், மோஸ்லி இறந்த பிறகு. யுத்தம் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்து, சமிக்ஞைப் பிரிவு அதிகாரியாகக் கலிப்போலி போனவர் 1915 ஆகஸ்ட் 10 அன்று குண்டுபட்டுச் செத்தார். வயது இருபத்தேழு.

எழுபத்திரண்டு எங்கே இருக்கிறது என்ற கேள்வி, அது எப்படிப்பட்டது என்ற கேள்விதான். அருமண்களில் இன்னும் ஒன்று என்றால் அருமண் கனிமங்களில் தேட வேண்டும். ஜிர்கோனியத்தின் தம்பி என்றால் தேட வேண்டிய மண்ணே வேறு. இதைத் தீர்மானிக்க எலக்ட்ரான் அடுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் லூயிஸ் 1916-ல் அணுவைக் கனசதுரமாக்கி, எட்டு மூலைகளில் எட்டு எலக்ட்ரான்களை நிற்கவைத்தார். ரசாயனக்காரர்களுக்கு நிற்கும் எலக்ட்ரான் வேண்டும், பௌதிகக்காரர்களுக்கு ஓடும் எலக்ட்ரான் வேண்டும்; இரண்டு தரப்பும் பல வருஷம் ஒன்றையொன்று மதிக்கவில்லை. லாங்மூர் 1919-ல் லூயிஸின் யோசனையை விரித்துப் பிரபலமாக்கினார். அவருடைய அடுக்கு எண்களைத் திருத்தி, வேல்ஸில் அபெரிஸ்ட்வித் கல்லூரியைச் சேர்ந்த சார்லஸ் பியூரி 1921-ல் அமெரிக்க ரசாயனக் கழகத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். சின்னக் கட்டுரை. அதில் பாதைகள் இல்லை, நீள்வட்டங்கள் இல்லை, கனசதுரம்கூட இல்லை. தனிமங்களின் ரசாயன குணங்களை வைத்துக்கொண்டு எண்ணுகிறார், அவ்வளவுதான். வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் தங்காது; ஆனால் உள்ளே போய்விட்ட கூடு எட்டிலிருந்து பதினெட்டாகவும், பதினெட்டிலிருந்து முப்பத்திரண்டாகவும் பெருகும். அப்படிப் பெருகும் காலத்தில் வெளித்தோற்றம் மாறாது. அருமண்கள் ஒன்று போல் இருப்பதற்குக் காரணம் இது. அந்தப் பெருக்கம் 71-ஓடு முடிகிறது. ஆகவே 72-க்கு 2, 8, 18, 32, 8, 4. அது ஜிர்கோனியத்தை ஒத்திருக்கும். இவ்வளவையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

போஹரும் அதே 1921-ல் இதே திசையில் நகர்ந்துகொண்டிருந்தார். 1922 ஜூனில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளை விழா என்றே அங்கிருந்தவர்கள் அழைத்தார்கள். இருபது வயது ஹைசன்பர்கும், அவரைவிடச் சற்று மூத்த பவுலியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது வட்டங்கள் போய், ஒன்றையொன்று ஊடுருவும் நீள்வட்டப் பாதைகள் வந்திருந்தன. அழகான படங்கள். போஹரின் உதவியாளர் கிராமர்ஸ் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய பொதுமக்களுக்கான நூலில் ரேடியம் அணுவின் பாதைகளை வண்ணத்திலேயே அச்சிட்டார்கள். இந்தப் படங்களுக்குப் பின்னால் வெளியிடப்படாத கணக்குகள் குவிந்து கிடக்கின்றன என்று வெளிநாட்டுப் பௌதிகக்காரர்கள் நம்பினார்கள். அப்படி எதுவும் இல்லை என்று பல வருஷம் கழித்துக் கிராமர்ஸே எழுதினார். நிறமாலையையும் ரசாயனத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த ஒரு பார்வைதான் இருந்தது.

எழுபத்திரண்டு அருமண் அல்ல என்று போஹர் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் பாரிஸில் டோவிலியே, உர்பேனின் பழைய மாதிரியில் எழுபத்திரண்டின் எக்ஸ் கதிர்க் கோடுகள் இரண்டு மங்கலாகத் தெரிவதாக அறிவித்தார். ரூதர்ஃபோர்டே அதை வரவேற்று எழுதினார். போஹர் ஜூலை மாதம் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், கோட்டிங்கனில் தான் சொன்னவற்றில் சில தவறு என்பது மட்டும் நிச்சயம், முதல் தவறு எழுபத்திரண்டு என்று ஒப்புக்கொண்டார். இந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. தன் தீர்ப்பைத் திரும்பப் பெற அவர் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். நான் பத்து வருஷம்.

ஆனால் அவர் திரும்பப் பெற்றிருக்க வேண்டியதில்லை. கோபன்ஹேகனில் அவருடைய நிலையத்திலேயே கோஸ்டரும் ஹெவெஸியும் ஜிர்கோனியக் கனிமங்களை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். எழுபத்திரண்டு இருந்தது, சந்தேகத்துக்கு இடமின்றி, தாராளமாகவே இருந்தது. 1922 டிசம்பர் 11 அன்று ஸ்டாக்ஹோமில் போஹர் நோபல் உரை நிகழ்த்த வேண்டும். அதற்குச் சற்று முன்னால் கோஸ்டர் டெலிபோனில் செய்தி சொல்ல, உரையின் கடைசியில் போஹர் அதை அறிவித்தார். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரான ஹாஃப்னியாவிலிருந்து அதற்கு ஹாஃப்னியம் என்று பெயர் வைத்தார்கள்.

ஜிர்கான் மணல் இருக்கும் இடத்திலெல்லாம் ஹாஃப்னியம் கொஞ்சம் கலந்தே இருக்கும். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து ஜிர்கான் எடுக்கிறார்கள். அந்தக் கரையில் ஒரு மாலை நான் நின்றிருக்கிறேன், காலடியில் எழுபத்திரண்டாவது இடம் நிரம்பிக் கிடப்பது தெரியாமல்.

இனி நான் சொல்லவந்த விஷயம். ஹாஃப்னியம் கிடைத்ததை உலகம் பாதைப் படத்தின் வெற்றியாகக் கொண்டாடியது. அதே காலத்தில் அந்தப் படத்தைக் கொண்டு ஹீலியத்தைக் கணக்கிட முயன்றவர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். கிராமர்ஸ் தோற்றார், 1923-ல் போர்னும் ஹைசன்பர்கும் தோற்றார்கள். இரண்டே எலக்ட்ரான் உள்ள அணுவுக்கு விடை தெரியாத ஒரு கொள்கை, எழுபத்திரண்டு எலக்ட்ரான் உள்ள அணுவைப் பற்றிச் சரியாகச் சொல்லியது எப்படி? பாதைகளிலிருந்து அது வரவில்லை. பியூரிக்கு வந்த வழியிலேயே போஹருக்கும் வந்தது: எண்ணிக்கையிலிருந்தும், பொருள்களோடு பழகிய பழக்கத்திலிருந்தும். 1913-ல் நைட்ரஜனுக்கு மூன்று என்று எழுதிய அதே கை. வெற்றி பெற்றது எண்ணிக்கை, புகழ் படத்துக்குப் போனது. பியூரியின் பெயர் அடிக்குறிப்புகளில் இருக்கிறது.

படம் சாக மூன்று வருஷம்தான் ஆயிற்று. கொன்றவர்களில் முதல்வர்கள் எண்ணுகிறவர்களே. போஹர் தன் கூடுகளை உள்ளுக்குள் சமமாகப் பிரித்திருந்தார்: எட்டு என்றால் 4, 4; பதினெட்டு என்றால் 6, 6, 6. இதில் ஒரு சமச்சீர் அழகு இருப்பதை யாரும் மறுக்க முடியாது. 1924-ல் பர்மிங்காமில் மெய்ன் ஸ்மித் என்ற ரசாயனக்காரரும், அவரை அறியாமல் கேம்பிரிட்ஜில் எட்மண்ட் ஸ்டோனர் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் அந்த அழகைக் கலைத்தார்கள். எட்டு என்பது 2, 2, 4. பதினெட்டு என்பது 2, 2, 4, 4, 6. நிறமாலைக் கோடுகள் ஒவ்வொரு கூட்டிலும் இத்தனை துணை மட்டங்கள் உண்டென்று காட்டின; ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு இடம் என்பதை இவர்கள் எண்ணிச் சொன்னார்கள். எலக்ட்ரான் எங்கே ஓடுகிறது என்று கேட்கவே இல்லை.

ஸ்டோனரின் கட்டுரையைப் பற்றி ஸோமர்ஃபெல்ட் தன் பாடநூலின் புதிய பதிப்பு முன்னுரையில் குறிப்பிட்டிருந்ததைப் பவுலி படித்தார். ஹாம்பர்கில் இருந்த பவுலிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஏற்கனவே இரண்டு வருஷமாக, காந்தப் புலத்தில் நிறமாலைக் கோடுகள் விபரீதமாகப் பிளவுபடுவதைப் பற்றி யோசித்து மனம் நொந்திருந்தார். கோபன்ஹேகன் தெருவில் ஏன் இப்படி முகம் வாடிப் போகிறீர்கள் என்று ஒரு சகா கேட்டதற்கு, இந்தப் பிளவை நினைக்கிறவன் முகம் வேறு எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டாராம். பின்னால் அவரே நினைவுகூர்ந்தது இது. ஸ்டோனரின் எண்களைப் பார்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது. ஓர் எலக்ட்ரானின் நிலையைச் சொல்ல நான்கு எண்கள் வேண்டும். ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கும் ஒன்றாக இருக்க முடியாது. 1925-ல் வெளிவந்த இந்த விதிக்குத் தவிர்ப்புத் தத்துவம் என்று பெயர். இருபது வருஷம் கழித்து, 1945-க்கான நோபல் பரிசு இதற்குக் கிடைத்தது.

அக்கா மகளின் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. முதல் எண் கூட்டைச் சொல்லும். அடுத்த இரண்டு எண்கள் அந்தக் கூட்டுக்குள் எத்தனை விதமான இடங்கள் உண்டென்று சொல்லும். முதல் கூட்டில் 1. இரண்டாவதில் 1-ம் 3-ம். மூன்றாவதில் 1, 3, 5. நான்காவதில் 1, 3, 5, 7. கூட்டினால் 1, 4, 9, 16. நான்காவது எண்ணுக்கு இரண்டே மதிப்புகள் என்பதால் எல்லாவற்றையும் இரட்டிக்க வேண்டும்: 2, 8, 18, 32. சொன்னேன். "ரெண்டால ஏன் மாமா பெருக்கணும்?" என்றாள். பவுலியின் கட்டுரையிலும் கேள்வி அங்கேயே வந்து நிற்கிறது. அந்த இருமைக்குப் பழைய பௌதிகத்தின் மொழியில் வர்ணனை கிடையாது என்று மட்டும் அவர் எழுதினார். படம் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. அதைப் பற்றி அவருக்கு வெட்கமும் இல்லை.

ரால்ஃப் குரோனிக் என்ற இருபது வயது இளைஞர் 1925 தொடக்கத்தில் ஒரு படம் கொண்டுவந்தார்: எலக்ட்ரான் பம்பரம் போலத் தன்னைத்தானே சுற்றுகிறது, வலமாகவோ இடமாகவோ, ஆகவே இரண்டு. பவுலி அதைச் சாமர்த்தியமான யோசனை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். குரோனிக் வெளியிடவில்லை. அந்த வருஷ இலையுதிர்காலத்தில் ஹாலந்தின் லைடன் நகரில் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் அதே யோசனைக்கு வந்தார்கள். கட்டுரையை ஆசிரியர் ஏரென்ஃபெஸ்டிடம் கொடுத்துவிட்டு, கிழவர் லோரென்ட்ஸைக் கேட்டபோது, அப்படிச் சுழன்றால் எலக்ட்ரானின் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாகப் போக வேண்டிவரும் என்றார். பயந்துபோய்க் கட்டுரையைத் திருப்பி வாங்க ஓடினார்கள். நான் எப்போதோ அனுப்பிவிட்டேன், அசட்டுத்தனம் செய்ய உங்களுக்கு வயது இருக்கிறது என்று ஏரென்ஃபெஸ்ட் சொல்லிவிட்டார். அந்த அசட்டுத்தனத்தால் சுழற்சி என்ற பெயர் நிலைத்தது. சுழலும் பம்பரம் எதுவும் அங்கே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் மட்டும் சுழல்கிறது. குரோனிக்கை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. படத்தை ஒதுக்கிய பவுலி செய்தது சரி. அந்தப் படத்துக்குள் இருந்த எண்ணத்தையும் சேர்த்து ஒதுக்கியது சரியில்லை. விமர்சகனுக்கு நேரும் விபத்து இது.

1925 கோடையில் ஹைசன்பர்க் பாதைகளையே கைவிட்டார். 1926-ல் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடும், அதே வருஷம் போர்ன் அதற்குச் சொன்ன நிகழ்தகவு அர்த்தமும் வந்தன. எலக்ட்ரான் இங்கே இருக்கிறது என்பதற்குப் பதில், இங்கே பார்த்தால் இவ்வளவு சாத்தியம் என்று ஆயிற்று. 1932-ல் முல்லிக்கன் என்ற அமெரிக்கர் இந்தப் புதிய சமாசாரத்துக்கு ஒரு சொல் தேடினார். பாதை என்று இனிச் சொல்ல முடியாது. பாதை என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் பெயரடையை எடுத்து அதையே பெயர்ச்சொல்லாக்கி ஆர்பிட்டல் என்றார். பாதை போனபின் பாதைத்தன்மை மட்டும் பெயராக எஞ்சியது. நம் பாடநூலில் அது ஆர்பிட்டால் என்று எழுத்துப்பெயர்ப்பாக வந்து, இருந்த அந்தச் சிறு துயரத்தையும் இழந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலக்ட்ரான்கள் எந்த வரிசையில் இடம்பிடிக்கின்றன என்பதைச் சொல்லும் ஆஃபா தத்துவம் என்று ஒன்று இருக்கிறது. ஆஃபா யாரோ ஒரு ஜெர்மன் விஞ்ஞானி என்று அவள் நினைத்திருந்தாள். நானும்தான். ஜெர்மனில் கட்டி எழுப்புதல் என்று அர்த்தமாம்.

தவிர்ப்புத் தத்துவத்தை எனக்கு நானே விளங்கிக்கொள்ள முயன்றபோது என் உத்தியோகம் உதவிக்கு வந்தது. பாங்க்கில் இரண்டு கணக்குகளுக்கு ஒரே எண் இருக்க முடியாது. கிளை, கணக்கின் வகை, வரிசை எண் என்று பகுதி பகுதியாக அந்த எண் அமைந்திருக்கும். எல்லாப் பகுதியும் ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் ஏற்காது. நல்ல உவமை என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு உறைத்தது: கணக்கு எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். கவுண்டரில் வந்து நிற்பார், கையெழுத்து ஒத்துப்போகும். எலக்ட்ரானுக்கு ஆள் கிடையாது. இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றி வைத்தால் மாற்றி வைத்தது என்று சொல்ல இயற்கையில் எந்த அடையாளமும் இல்லை. இடங்கள் வேறு வேறு. இருப்பவர்கள் வேறு வேறு என்று சொல்ல வழியில்லை. உவமை உடைந்த இடத்தில்தான் எனக்கு விஷயமே பிடிபட ஆரம்பித்தது.

அணுவைப் பற்றிப் பேசும்போது மொழியைக் கவிதையில் போலத்தான் கையாள முடியும் என்று 1922-ல் போஹர் தன்னிடம் சொன்னதாக, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து ஹைசன்பர்க் எழுதினார். இலக்கியவாதிகளுக்குப் பிடித்தமான செய்தி. விஞ்ஞானமே கவிதையின் காலில் விழுந்துவிட்டது என்ற தோரணையில் இதை எடுத்துக்காட்டுகிறோம். போஹர் உத்தேசித்தது அவ்வளவு சௌகரியமானதல்ல. சொல்ல வார்த்தை இல்லாத இடத்தில் பழைய வார்த்தையைத் தெரிந்தே பிழையாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது, அதன் பிழையை மறக்காமல். நாம் படிமத்தைப் பயன்படுத்தும்போது அதன் பிழையை நினைத்துக்கொள்கிறோமா? நான் நினைத்ததில்லை. சர்வதேச அணுசக்தி முகமையின் சின்னத்தில் இன்றும் எலக்ட்ரான் வளையங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. செத்த படிமம் உயிருள்ளதைவிட நீண்ட ஆயுளோடு இருப்பது நம் கவிதையில் மட்டும் நடப்பதல்ல.

சென்ற மாதம் அந்தப் பழைய தொகுப்பை எடுத்துப் பாத்திரக் கவிதையைத் திரும்பவும் படித்தேன். அடுக்குகள், கரண்டிகள், தம்ளர்கள், ஒவ்வொன்றும் எத்தனை என்று வருகிறது. முடிவில் மொத்தம் ஒன்று சொல்கிறார். நான் பாங்க்காரன், பத்து வருஷத்துக்கு முன்பே கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். கூட்டினால் சொன்ன மொத்தத்துக்கு ஒன்று குறைகிறது. எது என்று கவிதையில் எங்கேயும் இல்லை.

என் மதிப்புரையின் மூன்றாவது பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்றப் பத்திகள் நிற்கட்டும். அவர் வரிகளை உடைக்கும் விதம் இன்றும் எனக்குச் சம்மதமில்லை.